‘அப்படி ஆருமில்லீங்க’ என்று சொன்ன வீடு

கண்ணு,

இந்தக் கடிதம் நாளை உன் அம்மா கையில், ஒப்புட்டுப் பொட்டலத்தோடு உன் அறைக்கு வந்து சேரும். ஒப்புட்டை முதலில் சாப்பிட்டுவிடு. கடிதத்தைப் படித்தபிறகு அது தொண்டையில் இறங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்று சுட்டது வீணாகக் கூடாது. நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேரில் என்றால் இரண்டாவது வாக்கியத்தில் நான் வாதாட ஆரம்பிப்பேன், மூன்றாவதில் யாரையாவது திட்டுவேன், நான்காவதில் நீ எழுந்து போய்விடுவாய். உனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் ஒரு வசதி உண்டு. நீ எழுந்து போனாலும், கோபம் ஆறித் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்.

திங்கட்கிழமை நீ கணக்கெடுக்கப் புறப்படுகிறாய். சூலூரில் ஆரம்பித்துச் சத்தியமங்கலம் வரைக்கும் வீடு வீடாகப் போய், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆட்டிசத்தின் அறிகுறி உள்ளவர்கள் எத்தனை பேர் என்று உன் குழு பார்க்கப் போகிறது. அரசாங்கம் முதல் தடவையாக இதற்கென்று ஓர் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது. கணக்கு தேறினால் இந்தப் பக்கத்துக்கு ஒரு மையம் வரும். சிறு பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்ற இரண்டு ஆசிரியர்கள் வருவார்கள். தேறாவிட்டால் கோப்பைக் கட்டி வைத்துவிடுவார்கள். இதையெல்லாம் நீ இரண்டு வாரத்துக்கு முன்னால் போனில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டாய்: “நம்ம சனங்க உள்ளதச் சொல்லுவாங்களாப்பா?” நான், “சொல்லாம என்ன? உன்ற வேலயப் பாரு” என்று எரிந்து விழுந்தேன். கேள்விக்குப் பதில் தெரியாதவன் யோசிப்பான். தெரிந்தவன்தான் எரிந்து விழுவான். எனக்குப் பதில் தெரியும். சொல்லமாட்டார்கள். உன்னை உட்காரவைத்துக் காபி கொடுத்து, உன் அம்மா அப்பா சௌகரியமெல்லாம் விசாரித்து, மிகுந்த மரியாதையோடு பொய் சொல்லி அனுப்புவார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கணக்கெடுப்புக்கு அப்படிப் பொய் சொன்ன ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குத்தான் நீ ஒவ்வொரு தீபாவளிக்கும் வேட்டி எடுத்துத் தருகிறாய்.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்னுடைய சந்தோஷமான நாள்களில் ஒன்றாக அதை நீ இன்றும் சொல்கிறாய், அதனால்தான் இத்தனை வருடம் என் வாய் கட்டுண்டு கிடந்தது. உனக்குப் பதினாலு வயது. ரேவதிக்கு நாலு. ஒரு சனிக்கிழமை காலையில் நான் திடீரென்று தாராள மனசுக்காரனாகி, உன்னிடம் சைக்கிளையும் ஐஸுக்குக் காசையும் கொடுத்து, “கண்ணு, அம்மணிய முன்னால உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயி, ப்ளேன் எறங்கறதக் காட்டீட்டு வா. பொழுதோட வந்தாப் போதும்” என்று அனுப்பினேன். சைக்கிளைத் தொட்டாலே கத்துகிற அப்பனுக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை; எந்தப் பையன் கேட்பான்? அன்றைக்கு விமானப்படை மைதானத்து வேலியோரம் இரண்டு பேரும் நின்றதையும், ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் ரேவதி இரண்டு கையையும் உதறிக் குதித்ததையும் நீ நூறு தடவை சொல்லிவிட்டாய். நீங்கள் தெருமுனை தாண்டிய கால் மணி நேரத்தில் பால்வாடி டீச்சர் ஒருவர் பெரிய பதிவேடும் குடையுமாக நம் வீட்டுக்கு வந்தார். அவர் காலையிலிருந்தே பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்று தெரிந்துதான் உங்களை அனுப்பினேன்.

அனுப்பும்போதுகூட நான் முடிவு எடுத்திருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என்ன கேட்கிறார் என்று பார்ப்போம், பிறகு சொல்வோம் என்றுதான் நினைத்தேன். நம் ஊர்ப் பழக்கம் என்னைக் கெடுத்தது. வந்தவரிடம் வந்த காரியத்தை எடுத்தவுடனே கேட்க மாட்டோமே. “உள்ள வாங்க அம்மணி, வெயில்ல நிக்காதீங்க, தண்ணி குடியுங்க. எந்த ஊருங்க உங்களுக்கு?” என்றேன். “சத்தியமங்கலமுங்க சார். இங்க சித்தி ஊட்டுல தங்கி வேல பாக்கறனுங்க” என்றார். “அங்க எந்த வீதிங்க?” என்று கேட்டேன். சொன்னார். கண்ணு, அது உன் சின்ன அத்தைக்கு அப்போது பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டு வீதி. வெள்ளிக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்தது. டீச்சர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, “ஊட்டுல ஆறு வயசுக்குள்ள, பேச்சு வராம, கூப்புட்டாத் திரும்பிப் பாக்காம, அப்படிக் கொழந்தைங்க ஆராச்சும் இருக்காங்களாங்க?” என்றார். “அப்படி ஆருமில்லீங்க” என்றேன். நான் சொல்லி முடிக்கிறபோது அவருடைய கண் சுவரோரம் போனது. அங்கே ரேவதி காலையில் அடுக்கிய காலி நூல்கட்டைகள், அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், நூல் பிடித்தது மாதிரி ஒரே கோட்டில் நின்றன. நாற்பதுக்குக் குறையாது. டீச்சர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரிங்க சார், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றார். உன் அம்மா காபியோடு வந்து நின்றவள், “சக்கரை போதுமுங்களா அம்மணி?” என்று மட்டும் கேட்டாள். அவர் போனபிறகு என்னிடம், “நாம்பெத்த புள்ளைய இல்லைன்னு சொல்லிப்போட்டீங்களேங்க” என்றாள். பிறகு இரண்டு நாள் வேளை தவறாமல் சோறு போட்டாள், பேச்சு மட்டும் இல்லை.

உன் அத்தை கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நிச்சயம், கல்யாணம் இரண்டுக்கும் ரேவதியை உன் அம்மாவின் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். இனிமேல்தான் நீ சிரிக்க வேண்டிய இடம் வருகிறது. கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் உன் அத்தை ஒறம்பரையாக, விருந்துக்கு, நம் வீட்டுக்கு வந்தவள், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, அங்க மாடில ஒரு பையன் இருக்கறானுங்க. எங்க மூத்தாரு பையன். ஆறு வயசு. நம்ம ரேவதி மாதிரியேதானுங்க. கல்யாணத்தன்னிக்கு அவனக் கோபிக்குத் தாட்டி உட்டுட்டாங்களாமா” என்றாள். அவர்கள் வீட்டிலும் அந்த டீச்சரின் கூட்டாளி யாரோ பதிவேட்டோடு போயிருக்கிறார், அங்கேயும் காபி கொடுத்திருக்கிறார்கள், அங்கேயும் யாருமில்லை. நம் வீட்டிலிருந்து ஒரு சைக்கிள் புறப்பட்ட மாதிரி அங்கேயும் ஒன்று புறப்பட்டிருக்கும். இதைக் கேட்டதும் யோக்கியனாக இருந்தால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் அந்தப் பையனின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், “நம்மள ஏமாத்திப்போட்டாங்க” என்று ஆறு மாதம் அவர்களோடு பேசவில்லை. உன் அம்மா அதற்குத்தான் முதல் தடவையாக என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து அவள்மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன்.

என் கோபங்களின் பட்டியல் உனக்கு மனப்பாடம். எம்.எஸ்ஸி. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவனுக்கு விரிவுரையாளர் வேலை தராமல் செயலாளரின் மருமகனுக்குத் தந்த கல்லூரி. கிணற்றைப் பிரிக்கும்போது மோட்டார் பக்கத்தை எடுத்துக்கொண்ட உன் சித்தப்பன். “பொறுங்க, பேசும்” என்று மூன்று வருடம் டானிக் எழுதித் தந்த டாக்டர். இதில் எதையும் நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் பட்டியலில் முதல் இடத்தில், கலெக்டர் ஆபீஸில் என் மனுவை மூஞ்சியில் வீசிய ஒரு பெண் அதிகாரி இருக்கிறாரே, அவரை நீ எடுத்துவிட வேண்டும். அவர் எதையும் வீசவில்லை.

நடந்தது இது. ரேவதிக்கு ஆறு வயது நெருங்கும்போது கோவையில் வேறொரு டாக்டர், ஆட்டிசம் என்ற சொல்லை ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். இதற்கு டானிக் கிடையாது, கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர்தான் வேண்டும், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, நம் மாவட்டத்தில் அப்படிப் பயிற்சி பெற்ற ஒருவரைத் தனக்குத் தெரியாது என்றார். நான் வீட்டுக்கு வந்து மூன்று பக்கம் ஆங்கிலத்தில் மனு எழுதினேன். அரசியல் சட்டத்தை இரண்டு இடத்தில் மேற்கோள் காட்டினேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். அந்த அம்மா மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். “இத்தன நல்ல இங்கிலீசு இந்த மேசைக்கு வந்ததில்லீங்க சார்” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “ஆனா மேல இருந்து ஒரே கேள்விதானுங்க வரும். எத்தன கொழந்தைங்கன்னு கேப்பாங்க. உங்க பக்கம் எடுத்த கணக்குல ஒண்ணுகூட இல்லீங்களே” என்றார். “எந்த முட்டாளுங்க அப்படி எழுதிக் குடுத்தது?” என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்துத் தெருவைத் தேடிப் பிடித்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். தெரு முழுக்க இல்லை, இல்லை, இல்லை என்று இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில் ஓர் இடத்தில் என் கையெழுத்து. மற்றவர்கள் பெயரோடு நிறுத்தியிருந்தார்கள். நான் மட்டும் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்றும் போட்டிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அன்றைக்கே அவரை மன்னித்திருப்பேன். பதிவேட்டை மூடிவிட்டு, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில், “பரவால்லீங்க சார், பாதி ஊடு இப்படித்தானுங்க. ஒரு ஏழு பேரு கொண்டாங்க. உங்க கொழந்த பேர மொதல்ல எழுதுங்க. சூலூர்ல ஒரு கட்டடம் பூட்டிக் கெடக்குது. பால்வாடி டீச்சர் ஒருத்தர ஒரு வருசம் ட்ரெயினிங்குக்கு அனுப்பச் சொல்லி நானே எழுதறனுங்க” என்றார். இவ்வளவுதான் நடந்தது. கதவு திறந்திருந்தது. ஏழு பெயர் வேண்டுமென்றால் ஏழு வீட்டுப் படி ஏற வேண்டும். அந்த ஏழில் ஐந்து வீட்டோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவன் கோபத்தைச் சேர்த்து வைத்து என்ன கண்டான் என்று நீ ஒரு தடவை என்னிடம் கேட்டாய், நான் “சொத்துச் சேர்க்கத் துப்பில்லாதவன் அதையாவது சேர்க்கிறேன்” என்று வேடிக்கையாகச் சொன்னேன். உண்மையான பதில் இதுதான். பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டபோது, ஏறிப் போய்க் கேட்க எனக்கு வீடுகள் மிச்சமிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, “மனுவ மூஞ்சில வீசிப்போட்டா அந்தம்மா” என்று சொன்னேன். உனக்குப் பதினாறு வயது, நீ நம்பினாய். அன்று மாலையே உட்கார்ந்து பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாய், ‘ஈரமில்லாத அதிகாரி’ என்று. அது வாசகர் பகுதியில் வந்தது. உன் எழுத்து முதல் தடவையாக அச்சில் வந்த நாள் அது. நான் அதை வெட்டி உன் மார்க் ஷீட்டுகளோடு வைத்தேன். நீ சமூகப்பணி படிக்கப் போனதும், இந்த வேலைக்கு வந்ததும், அந்த அம்மா மாதிரி ஆட்கள் மேல் வந்த கோபத்தில்தான் என்று நேர்முகத் தேர்வில் சொன்னதாகப் பெருமையாகச் சொன்னாய். கண்ணு, அந்த அம்மாவுக்கு நீ கடன்பட்டவன் இல்லை, நான்தான். பத்திரிகையை அவர் பார்த்தாரா என்று தெரியாது. மாற்றலாகி வேறு மாவட்டம் போய்விட்டார். அவர் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அவருக்கும் எழுதுவேன், தமிழில், ஒரே பக்கம். அதற்கு முன்னால் உனக்கு எழுத வேண்டியிருந்தது.

ரேவதியைப் பார்த்தால் இந்த ஐந்து ஆறு வருடம் எங்கே போயிற்று என்று கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இப்போது பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அங்கே இருக்கும் டீச்சர் அரசாங்க உதவித்தொகையில் வெளிமாநிலம் போய் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தவர். மந்திரமெல்லாம் போடவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் அந்தப் பிள்ளைக்குப் பயம் என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டையில் படம் வரைந்து கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுவிட்டார். குளியல், தோசை, பஸ், பள்ளி. பஸ் ஸ்டாண்டில் தரையில் புரண்டு அலறியவள், இப்போது கண்டக்டருக்கு முன்னாலேயே பஸ் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறாள். போன மாதம் வீட்டு ஆட்களுக்கும் அட்டை போட்டாள், அவளே வரைந்தாள். உன் அம்மாவுக்குத் தோசைக்கல். உனக்குச் சைக்கிள். எனக்குச் செய்தித்தாள், தாளைப் பிடித்த இரண்டு கை உண்டு, தலை கிடையாது. இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் உன் அம்மா நம்பவில்லை. நாலு வயதில் நடந்திருக்க வேண்டியது பத்து வயதில் நடந்தது. நடந்தது என்பதில் சந்தோஷம். எப்போது நடந்தது என்பதில்தான் நான் படுத்தால் புரள்கிறேன்.

அரசாங்கத்தை நான் சும்மா விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட் முகாமில் ரேவதியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் நான்கு பேர் கூடிப் பேசியதும், கடைசியில் கைவசம் இருந்ததைத் தர வேண்டும் என்பதற்காக, மானைப் போல ஓடுகிற பிள்ளைக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்துப் போட்டோ எடுத்ததும் நீ அறிந்ததுதான். அந்த வண்டியில் உன் அம்மா இன்றைக்கும் தண்ணீர்க் குடம் தள்ளுகிறாள். வண்டி வாங்க ஓடி வருகிற பணம், ஒரு டீச்சரைப் படிக்க அனுப்ப ஏன் நொண்டுகிறது என்பது என் நியாயமான கேள்வி. ஒரு பால்வாடி டீச்சருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தால், மூன்று வயதிலேயே ஊருக்கு ஊர் பிள்ளைகளைக் கண்டுபிடித்திருக்கலாம். அந்தக் குடைக்கார டீச்சர் நூல்கட்டைகளைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டார், ஆனால் பார்த்ததை எழுத அந்தப் பதிவேட்டில் இடமில்லை. அப்பன் சொன்னதை எழுதத்தான் இடமிருந்தது. இதையெல்லாம் நீ உன் அறிக்கையில் காரமாகவே எழுது. ஆனால், எண்ணிக்கை கேட்ட அரசாங்கத்துக்குப் பூஜ்யம் கொடுத்தவர்கள் நாம்தான் என்பதையும் அதே காரத்தோடு எழுது.

இனி உன் வேலைக்கு உதவுகிற மாதிரி சிலது சொல்கிறேன். மில் ஆய்வகத்தில் இருபது வருடமாகப் பஞ்சு சோதிக்கிறவன் நான். மூட்டையின் மேலே கை வைத்து எடுக்கிற பஞ்சு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். விற்கிறவன் அப்படித்தான் கட்டியிருப்பான். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு எடுத்தால்தான் தெரியும். வாசலில் ஈஸி சேரில் உட்கார்ந்திருக்கிற அப்பன் மூட்டையின் மேல் பஞ்சு. அவனிடம் கேள்வியைக் கேட்காதே. முக்கியமாக அவன் உன்னோடு நல்ல ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் கேட்கவே கேட்காதே. கட்டுத்தறியில் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருக்கிற அம்மாவிடம் போ. ‘அப்படிக் குழந்தை இருக்கிறதா’ என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்? ‘உங்க கொழந்த எதுக்கெல்லாமுங்க பயப்படுது?’ என்று கேள், அரை மணி நேரம் பேசுவார்கள். எந்த ஊர், யார் வீடு என்று அவர்கள் உன்னைக் கேட்பார்கள். அப்போது ஊரைச் சொல்லும் கையோடு, “என்ற தங்கச்சியும் அப்படித்தானுங்க” என்று சொல்லிவிடு. உன் பாடப்புத்தகத்தில் இது தவறாகக்கூட இருக்கலாம். இங்கே ஒருவர் தன் வீட்டைத் திறந்தால்தான் அடுத்தவர் தன் வீட்டைத் திறப்பார். அப்புறம், வாசல் கதவை அண்ணாந்து பார். இந்த மாதிரிப் பிள்ளை இருக்கிற வீட்டில், வெளிக்கதவுக்கு ஆள் உயரத்துக்கு மேலே ஒரு தாழ்ப்பாள் புதிதாக அடித்திருப்பார்கள். பிள்ளை சொல்லாமல் ஓடிவிடும் என்ற பயத்தில் அடித்தது. நம் வீட்டில் அதை அடித்தவன் நான். அதனால் தெருவில் போகும்போது என் கண்ணுக்கு முதலில் அதுதான் படுகிறது.

சும்மா சொல்லவில்லை, இதைச் செய்தும் பார்த்தேன். உன்னிடம் போனில் எரிந்து விழுந்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை ரேவதியை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். உன் அம்மா, “எங்கீங்க?” என்றாள். “ஏழு பேரு கேட்டிருந்தாங்க” என்றேன். என்ன ஏழு என்று அவளுக்கு நான் சொன்னதே இல்லை. அன்று மாலை சொன்னேன். முதல் வீடு எதிர்வீட்டுக்காரர். குப்பைத்தொட்டி விவகாரத்தில் ஒன்பது வருடமாக முகம் பார்க்காதவர். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, “ஆரு செத்துப்போட்டாங்க?” என்று பதறினார். ஆரும் சாகவில்லை, உங்கள் பேத்தியைப் பற்றிப் பேச வந்தேன், நம்ம ரேவதியும் அப்படித்தான் என்றேன். அவர் என் பின்னால் நின்ற ரேவதியைப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, “ஏனுங் அம்மணி, ரெண்டு காபி கொண்டாங்க” என்று மருமகளைக் கூப்பிட்டார். பேத்தி விஷயம் பேசினோம். குப்பைத்தொட்டி விஷயம் இன்னும் தீரவில்லை, அதில் தப்பு அவர் பக்கம்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பதினைந்து வீடு ஏறினோம். நாலு பேர் கதவை மூடினார்கள். பத்து வீட்டில் பெயரும் வயதும் தந்திருக்கிறார்கள், தனித்தாளில் இணைத்திருக்கிறேன். உன் விதிமுறைப்படி நீயே போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று தெரியும். போ. உனக்காகக் காத்திருக்கிறார்கள்.

பதினைந்தாவது வீட்டைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் தெருவுக்குப் பின்னால், தறிப்பட்டறைக்குப் பக்கத்தில் நீலக் கதவு. அவர்கள் போன வருடம்தான் குடிவந்தார்கள், அதனால் எனக்கு இன்னும் அவர்கள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. கதவின் மேல் தாழ்ப்பாள் புதிதாகப் பளபளத்தது. கதவைப் பாதி திறந்து, நிலைக்கு நடுவில் நின்றார் ஓர் ஆள். முப்பது வயதுகூட இருக்காது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “அப்படி ஆருமில்லீங்க” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அதே குரல். எனக்குக் கோபம் வரவில்லை, கண்ணு, ஆச்சரியம்தான். மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தேன். ரேவதிக்கு என்னைப் போல மரியாதைக் குழப்பமெல்லாம் கிடையாதே. அவர் பக்கத்தில் போய், “தள்ளிக்கோங்க” என்றாள். அவரும் திகைத்துப்போய்த் தள்ளிக்கொண்டார். அவள் நேரே உள்ளே போனாள். நடுக்கூடத்தில் ஒரு சின்னப் பையன் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் சுழலவிட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டிப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ரேவதி அவனுக்கு எதிர்ப்பக்கம் அதே மாதிரி படுத்தாள். தட்டு நின்றது. இவள் சுழற்றினாள். அது நின்றது. அவன் சுழற்றினான். அந்த ஆள் என்னைப் பார்க்காமல் தன் மகனையே பார்த்துக்கொண்டு, “ஆருகூடவும் இப்படி வெளையாடமாட்டானுங்க” என்றார். நான், “என்ன வயசுங்க?” என்று கேட்டேன்.

“மூணு இன்னும் முடியலீங்க.”

மூன்று முடியவில்லை, கண்ணு. அவனுக்கு எதுவும் தாமதமாகிவிடவில்லை. என்மேல் கோபப்பட உனக்கு நியாயம் இருக்கிறது. வேண்டிய காலத்தை எடுத்துக்கொள், ஒரு வருடம் பேசாமல் இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கலையில் நான் உனக்கு மூத்தவன். ஆனால் திங்கட்கிழமை காலையில் முதலில் நீலக் கதவு வீட்டுக்குப் போ. அந்த ஆள் பட்டறைக்கு எட்டு மணிக்கு மேல்தான் போவார். உன்னிடம் சொல்வதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.

உன் அப்பா